லிபியா வீட்டுக் கதவைத் தட்டினோம்

அன்புள்ள அப்பாவுக்கு, ஓசூரிலிருந்து டெல்சி எழுதுறேன். உங்க முழங்கால் வலி குறைஞ்சுதா? நான் நல்லா இருக்கேன். இடது கையில மட்டும் ஆறு தையல், பயப்படாதீங்க.

எங்க பங்குக் கோயில்ல ஞாயிறு பூசைக்கு வராதவங்க ஏன் வரலைன்னு வீடு வீடாப் போய்க் கேட்டு ஒரு ஃபாரத்துல எழுதச் சொன்னாரு பங்குச் சாமியார். போன ஞாயிறு நானும் எங்க தெரு ஜெபக்குழுவான அன்பியத்துக்குத் தலைவி மேரிராணி அக்காவும் கெலமங்கலம் ரோட்டுல லிபியாங்கிற பொண்ணு வீட்டுக்குப் போனோம். "ஆறு மாசமா ஏன் வரலை?"ன்னு கேட்டதும் அவ துப்பட்டாவை விலக்கிக் காட்டினா. கழுத்துல கயிறு இறுக்கின தடம்.

அதைப் பார்த்துட்டு அவ புருஷன் பாய்ஞ்சு வந்தான். "கோயில்ல போய்ச் சொல்லுவியாடி?"ன்னு அவ தலையைச் சுவத்துல மோதினான், நிறுத்தவே இல்ல. நான் குறுக்கே விழுந்தேன். அரிவாமணையை எடுத்து வீசினான், அது என் கையில இறங்கிச்சு. அக்கா போட்ட சத்தத்துல தெருவே வந்து அவனை அமுக்கிப் பிடிச்சுது. இப்ப ஜெயில்ல இருக்கான்.

லிபியா என் ரூம்லதான் இருக்கா. நேத்து அந்த ஃபாரத்தை அவளே நிரப்பினா. 'பங்கு என்ன செய்யணும்?'னு கேட்ட இடத்துல, 'கதவைத் திறக்காத வீட்டுக்கு மறுபடியும் போங்க'ன்னு எழுதினா. இந்த ஞாயிறு வீடு வீடாப் போக அவளும் எங்ககூட வர்றா.

மூணு வருஷமா எனக்கு மட்டுமே சமைச்சுப் பழகிட்டேன். ரெண்டு பேருக்கு மீன்குழம்பு வைக்க எவ்வளவு புளின்னு அம்மாகிட்ட கேட்டு எழுதுங்கப்பா. கம்பெனி பஸ் வந்துடுச்சு.

உங்க மகள்
டெல்சி