சாப்பாட்டு மேசையில் தடை செய்யப்பட்ட வாக்கியம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதிவிட்டேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றரை மணியளவில் நம் வீட்டில் ஒரு முக்கியத் தீர்மானம் நிறைவேறியது. சாப்பாட்டு மேசையில் இனி யாரும் 'லெட்ஸ் ஃபேஸ் இட்', அதாவது உண்மையை ஒத்துக்கொள்வோம், என்று சொல்லக் கூடாது. கொண்டுவந்தவர் உன் அம்மா. வழிமொழிந்தவள் உன் அக்கா. மாப்பிள்ளை எதிர்க்கவில்லை. நான் நடுநிலை வகித்தேன்.

அந்த வாக்கியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவரே மாப்பிள்ளைதான். அவருடைய அலுவலகத்தில் ஆட்களைக் குறைக்கும்போது மேலதிகாரி அப்படித்தான் ஆரம்பிப்பாராம். அதை முதலில் சொல்லிவிட்டால் பிறகு எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஊசி போடுமுன் பஞ்சால் துடைப்பது மாதிரி. வெறுமனே சொன்னால் சண்டை வரும். இதைச் சேர்த்துச் சொன்னால் நேர்மை என்று பெயர். ஒரே மாதத்தில் வீடே பழகிக்கொண்டது. உன் அக்கா மூன்றாம் முறையும் அந்தத் தேர்வில் தேறப் போவதில்லை என்று ஒத்துக்கொண்டோம். உன் அம்மா தைத்த திரைச்சீலை ஜன்னலுக்கு ஒரு சாண் குட்டை என்று ஒத்துக்கொண்டோம். அவளும் தன் பங்குக்கு, "லெட்ஸ் பேஸ் இட், எங்கண்ணன் இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறன்று நான் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்சம் டம்ளரிலும் விழுந்தது. மாப்பிள்ளை, "லெட்ஸ் ஃபேஸ் இட் மாமா, உங்க கண்ணு…" என்று ஆரம்பித்தார். "சாப்பாடு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள் உன் அம்மா. தீர்மானம் அதற்குப் பிறகுதான் வந்தது.

முப்பத்தொரு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவனுக்கு வழியெல்லாம் கைக்கே தெரியும். பார்க்க வேண்டிய தேவை குறைவு. இருந்தாலும் உனக்கு மறைப்பானேன். போன மாதம் ஒரு நிறுத்தத்தில் பருமனான ஓர் அம்மாள் ஏறுவதற்காக வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். நடத்துனர் என் காதோடு, "அண்ணே, அது குப்பைத்தொட்டி. ஏறாது" என்றார். பயணிகள் யாருக்கும் கேட்கவில்லை. நல்ல மனிதர். அன்றிலிருந்து முன் கதவருகிலேயே நின்று, விளக்கு சிவப்பா பச்சையா என்பதை வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே எனக்குத் தெரிவித்துவிடுகிறார்.

கண் பரிசோதனையும் போன வாரம் முடிந்தது. எங்கள் மருத்துவர் பதினோரு வருடமாக ஒரே எழுத்து அட்டையைத்தான் மாட்டி வைத்திருக்கிறார். பணிமனையில் எல்லோருக்கும் அது மனப்பாடம். சிலர் கீழிருந்து மேலாகவும் ஒப்பிப்பார்கள். அட்டை எந்தச் சுவரில் என்பதை மட்டும் அவர் கை நீட்டிய பக்கத்தை வைத்துப் பிடித்துக்கொண்டேன். கடைசி வரியில் வேண்டுமென்றே ஓர் எழுத்தில் தடுமாறினேன். மருத்துவருக்கு மிகுந்த திருப்தி. இந்த வயதில் இப்படியொரு பார்வையா என்று இளைஞர்களிடம் என்னைக் காட்டினார்.

நீ கேட்கப் போவது தெரியும். போன வருடம் ஒருவர் தன் கண்ணைப் பற்றி உண்மையைச் சொன்னார். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர். இப்போது நாங்கள் ஓட்டிக்கொண்டு வரும் வண்டிகளைக் கழுவுகிறார். அவரைப் பார்த்தால் நாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விடுவோம்.

நீ விடுமுறைக்கு வந்திருந்தபோது செய்தித்தாளை நீட்டி, வாசிக்கச் சொன்னாய். இன்றைக்கு விசேஷமாக ஒன்றுமில்லை என்று மடித்துக் கொடுத்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பணிமனை மேலாளரின் பெயரையும் முகவரியையும் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்காதே. நான் எழுதினால் அவருக்கு என் கையெழுத்து தெரிந்துவிடும். உன் கையெழுத்து அவருக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கு இது தெரிய வேண்டியதில்லை.

வேளைக்குச் சாப்பிடு. சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார். நன்றாக இரு, அம்மா.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா

பி.கு.: மருத்துவரின் சான்றிதழைப் பார்த்துவிட்டு என்னைப் பள்ளி வண்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு முதல் நடை. நாற்பத்திரண்டு குழந்தைகள்.