பதினோராம் ஆணி

அண்ணை,

போன கிழமை ரொறன்ரோ ஓரத்து ரூஜில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள நூலகத்துக்குப் போனேன். வாசலிலேயே நம்முடைய பழைய பலகை நின்றது. ஊர்த் தொண்டர் தீயணைப்புப் படையின் வரலாறு என்று படங்களும் தொப்பிகளும் அடுக்கி, சிறு புத்தகம் ஒன்றும் போட்டிருந்தார்கள். பலகையில் பதினான்கு ஆணிகள். பதின்மூன்றில் பித்தளைத் தகடுகள். பதினோராவது ஆணி வெறுமையாக இருந்தது. அந்தத் தகடு தொலைந்துபோனதாக அங்கிருந்த பெண் சொன்னாள். நான் தலையாட்டினேன். அது அப்போது என் மேசை இழுப்பறையில் பழைய கடவுச்சீட்டுக்கு அடியில் கிடந்தது.

எழுபதுகளில் இந்தப் பக்கமெல்லாம் வயலும் மாட்டுப்பண்ணையும்தானே. நாம் இருவரும் ஒரே தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட். சோளத்தோட்டத்துக்கு நடுவில் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பகலில் ஊர் ஆண்கள் ரொறன்ரோவுக்கு வேலைக்குப் போய்விடுவதால் தீயணைக்க ஆள் போதவில்லை. படைக்குத் தலைவரான கராஜ்காரர் வந்து நம் கதவைத் தட்டினார். நான் சாக்குத் தேடிக்கொண்டிருக்க, நீங்கள், "காலமை முழுக்கச் சும்மாதானே கிடக்கிறம், போவம்" என்று சப்பாத்தை மாட்டிவிட்டீர்கள்.

கராஜ்காரர் முதல் நாளே சொன்ன விதி ஒன்றுதான். தீப்பிடித்த இடத்துக்குப் போனதும் அவரவர் தகட்டை வண்டியில் உள்ள பலகையில் மாட்ட வேண்டும், திரும்பும்போது கழற்ற வேண்டும். தகடு தொங்கினால் ஆள் உள்ளே. உங்களுடையது பத்து, என்னுடையது பதினொன்று.

அந்தக் கோடையில் ஈர வைக்கோல் தானாகச் சூடேறிப் பக்கத்துப் பண்ணையின் மாட்டுக்கொட்டில் பற்றிக்கொண்டது. நாம் இருவரும் ஒரே குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம். தலைக்கு மேலே கூரைத் தகரம் முறுகிக் கிறீச்சிட்டது. நான் குழாயிலிருந்து கையை எடுத்தேன். "தண்ணி வண்டியைப் பாத்திட்டு வாறன்" என்று உங்களிடம் சொன்னேன். வண்டியைத் தாண்டி, சோளத்துக்குள் புகுந்து, வீட்டுக்கே போய்விட்டேன். நனைந்த தீயணைப்புக் கோட்டைத் துணிக்கொடியில் போட்டுவிட்டுத் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தேன். தகட்டைப் பற்றிய நினைவே வரவில்லை.

நீங்கள் மத்தியானம் வந்தீர்கள். இரண்டு கைகளிலும் கட்டு, புருவம் கருகியிருந்தது. நான் ஷிப்டுக்குப் போகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"நீர் இஞ்சையோ நிக்கிறீர்?" என்று கேட்டுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். வெளியே வந்தபோது பதினொன்று தொங்குவதைக் கண்டு திரும்பவும் உள்ளே ஓடியிருக்கிறீர்கள். என்னைத் தேடிக் கட்டைகளைக் கையால் புரட்டியிருக்கிறீர்கள். மூச்சு முட்டி வெளியே வந்தபோதுதான் தூரத்தில் நம் கொடியில் கோட்டைக் கண்டீர்களாம். "கண்டுக்குட்டி கத்தினமாதிரிக் கேட்டது, அதுதான் திரும்பிப் போனனான் எண்டு அவையளிட்டைச் சொல்லிப்போட்டன். நீரும் அப்பிடியே சொல்லும்." பலகையிலிருந்து கழற்றிக்கொண்டுவந்த என் தகட்டை உங்கள் சட்டைப்பையிலிருந்து எடுக்க உங்களால் முடியவில்லை. நான்தான் எடுத்தேன்.

மாடு கன்றெல்லாம் அன்று மேய்ச்சலில் நின்றன. இல்லாத கன்றைக் காப்பாற்றப் போனவர் என்று ஊர் உங்களைப் பல வருடம் பகிடி பண்ணியது. உங்கள் வலக்கையில் மூன்று விரல்கள் அதன் பிறகு மடங்கவில்லை. கலியாண வீடுகளில் நீங்கள் சோற்றைக் கரண்டியால் சாப்பிட, "இவர் வெள்ளைக்காரனாகிட்டார்" என்று நம்மவர்கள் சிரித்தார்கள். இரண்டு இடத்திலும் நான் இருந்தேன். இரண்டு இடத்திலும் சேர்ந்து சிரித்தேன். நீங்கள் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இவ்வளவு காலமும் என்னை ஏமாற்றிக்கொண்டேன். உங்கள் செத்தவீட்டில் பேசக் கேட்டார்கள், அங்கேயும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அண்ணை.

இன்று காலை தகட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அந்தப் பெண் சந்தோஷத்தில் புத்தகத்தை விரித்து, கன்றுக்குட்டிக் கதையை எனக்கே வாசித்துக் காட்டிச் சிரித்தாள். இது எங்கே கிடைத்தது என்று கேட்டாள். பழைய சாமான்களுக்குள் கிடந்தது என்றேன். அவள் தகட்டைப் பதினோராம் ஆணியில் மாட்டினாள்.

அது தொங்குவதைக் கண்டால் ஆள் உள்ளே என்று நம்பி ஓடக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். தகடு அங்கே பலகையில் தொங்குகிறது, அண்ணை. நான் இங்கே வீட்டில் தேத்தண்ணி வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.