தட்டையான டின்

மார்ச் 5, திங்கள்

மனைவி பாவ்-யுன் இன்னும் திரும்பவில்லை. தூரமில்லை, இரண்டு சந்து தள்ளி அவள் தங்கை வீடு. சண்டை குப்பையால். "எல்லாத்தையும் ஒரே பையில திணிச்சிட்டு டிவி முன்னாடி உக்காந்துக்கிறீங்க. பொறுக்கிப் பிரிக்கிறது நான். குப்பை வண்டிப் பாட்டு கேட்டு ஒரு நாளாவது எந்திரிச்சீங்களா?"

எழுந்ததில்லை. நல்ல பாட்டுதான்.

இன்று எழுந்தேன். திங்கள், வெள்ளி தட்டையான பொருட்களின் நாள் என்பது தைபேயில் எல்லோருக்கும் தெரியும். டின், பாட்டில் எல்லாம் மற்ற நாட்களில். எனவே பியர் டின்களை மிதித்துத் தட்டையாக்கிக் கொண்டுபோனேன்.

வண்டிக்காரன் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். "என்னண்ணே இது?"

"தட்டையாத்தானே இருக்கு?"

சந்தே சிரித்தது. தட்டை என்றால் காகிதம், துணி வகையாம். டின்கள் என்னோடு வீடு திரும்பின.

மார்ச் 6, செவ்வாய்

அதே டின்கள். வாங்கிக்கொண்டான். வெங்காயத் தோலைப் பன்றித்தீனி வாளியில் கொட்டித் திட்டு வாங்கினேன். வெந்தது பன்றிக்கு, வேகாதது உரத்துக்கு.

எதிர்வீட்டு லியாவ் அக்கா கேட்டாள்: "பாவ்-யுன் எங்க தம்பி? நீ கொண்டுவர்றது பூரா கடைச்சோத்து டப்பாவா இருக்கே."

"இடுப்பு வலிக்கா. படுத்திருக்கா."

மார்ச் 7, புதன்

வண்டி வராத நாள். லியாவ் அக்கா இடுப்பில் ஒட்ட மருந்துப் பட்டை கொண்டுவந்தாள். கதவைப் பாதிதான் திறந்தேன்.

மார்ச் 8, வியாழன்

எல்லோர் முன்னாலும் லியாவ் அக்கா: "பட்டை ஒட்டுறதுக்கு முன்னாடியே வலி போயிடுச்சு போல. முந்தாநாள் உன் பொண்டாட்டி அவ தங்கச்சி வீட்டு முக்குல வண்டி பின்னாடி ஓடுனாளாமே!"

வண்டிக்காரன் தலையாட்டினான். இதே வண்டிதானே அங்கும் போகிறது? எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

அவமானம்தான். ஆனால் — அங்கேயும் அவள்தான் ஓட வேண்டுமா?

மார்ச் 9, வெள்ளி

காகிதம் மட்டும். ஒரு தப்பும் இல்லை. சொல்லத்தான் ஆளில்லை.

மார்ச் 10, சனி

கழுவிய டப்பாக்கள், குப்பைப் பை, இரண்டு வாளிகளோடு அவள் முக்கில் போய் நின்றேன். வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, வாளியைக் கிளறினாள். ஒரு பெரிய எலும்பை எடுத்து நீட்டினாள்.

"இது?"

"பன்னிக்கு."

"பன்னிக்குத் தொண்டை கிழியும். பையில போடுங்க."

போட்டேன். "வந்துடு பாவ்-யுன்" என்றேன். வண்டிப் பாட்டில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

மார்ச் 12, திங்கள்

பாட்டு கேட்டது. எழுந்தேன். பாவ்-யுன் இடுப்பில் லியாவ் அக்காவின் பட்டையை ஒட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"டின்னை வச்சிட்டுப் போங்க. இன்னிக்குத் திங்கள்" என்றாள், திரும்பாமலே.