பல்பம் தின்னும் பெண்

4 மார்ச் 2023

இந்த வியட்நாம் பொம்மைக் கம்பெனியின் முதலாளி எட்மோனுக்கு யானை வேண்டுமாம். தலைப்பாகை வேண்டுமாம். இந்தியச் சிறு வயது என்றால் அதுதானே என்கிறான். தன் தாத்தா புதுச்சேரிக்காரர் என்பதற்காக எனக்கே என் சிறு வயதைப் பற்றிப் பாடம் எடுப்பானா? காரைக்காலில் நான் என்ன, யானைமேல் ஏறியா பள்ளிக்கூடம் போனேன்?

ஆறு பொம்மைகள் வரைந்து அவன் மேஜைமேல் போட்டேன். ஐஸ் வண்டிக்காரர், குடை ரிப்பேர்காரர் என்று போய், ஆறாவது, மொட்டைத் தலையோடு சிலேட்டுப் பல்பம் தின்னும் பெண். அவளைப் பார்த்ததும் வாயை மூடினான். பெட்டியைத் திறந்தால்தான் உள்ளே எந்தப் பொம்மை என்று தெரியும், வியாபாரமே அதுதான். அவளை எப்போதாவது ஒரு பெட்டியில் மட்டும் கிடைக்கிற பொம்மையாக வைக்கப்போகிறானாம்.

5 மார்ச்

யானை ஒழிந்தது.

19 மார்ச்

தாவோ தியென் பக்கம் என் அக்கா, லாத்தா வீடு. மாதிரிப் பொம்மையை அங்கே கொண்டுபோனது என் புத்தி கெட்ட வேலை. ஜெய்த்தூன் லாத்தா அதைச் செத்த பல்லியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கினாள்.

"இது நாந்தானே?"

"ஆமா லாத்தா. அழகா இருக்கில்ல?"

"பேனுக்கு அடிச்ச மொட்டை, வாயில பல்பம். ஊரு சிரிக்க வைக்கிறியாடி என்னைய?"

எல்லாப் பிள்ளைகளும் தின்றதுதானே என்றேன்.

"நீ தின்னியா?"

இல்லை.

"எப்படித் தின்னுவ? உன் தட்டுல சோறு இருந்துச்சு. வாப்பா மலேசியாவுல காணாமப் போன வருஷம் அது. உம்மாவும் நானும் தின்னாச்சுன்னு சொல்லிக்குவோம். பசிக்குதுன்னு வாய் தவறி வந்துடக் கூடாதேன்னு நான் அதை மென்னுக்கிட்டுத் திரிஞ்சேன். உனக்கு அது பொம்மையா நிஷா?"

மச்சான் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"மூஞ்சிய எடு. இல்லன்னா இந்த வாசப்படிய மிதிக்காத."

அந்த வீட்டுக்குள் போனாலே கடைசியில் குற்றவாளி நான்தான். இத்தனை வருஷம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, இப்போது கொண்டுவந்து என் பிழைப்பின்மேல் கொட்டுகிறாள். என்ன கொழுப்பு! கிராப் பைக் டாக்ஸி பாலம் தாண்டும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து ஓட்டுகிறவன் மெதுவாகப் போனான்.

20 மார்ச்

மூஞ்சிதானே? எடுத்துத் தொலைக்கிறேன்.

2 ஏப்ரல்

பொம்மைக்கு அச்சு வெட்டுவதற்குள் மாற்றியாயிற்று. மொட்டை போய் இரட்டைச் சடை. ஏறு நெற்றி, முன்பல்லில் சந்து. என் மூஞ்சி. இனி எவள் என்ன கேட்க முடியும்?

"இது நீயா!" என்று குதித்தான் எட்மோன். பசிக் கதையையும் அவனிடம் உளறினேன். என் கதை மாதிரியே உளறினேன். பெட்டியின் பின்னால் 'பசிக்குப் பல்பம் தின்ற சிறுமி – வடிவமைத்தவரின் சொந்தக் கதை' என்று போடட்டுமா என்றான்.

போட்டுக்கொள் என்றேன். கோபத்திலா சொன்னேன்? இல்லை. பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

11 ஜூன்

பெட்டிகள் வந்தன, முன்னால் என் மூஞ்சியோடு அந்தப் பெண், பின்னால் அந்த வரி. லாத்தாவுக்கு ஒன்று அனுப்பினேன் – உன் மூஞ்சி இல்லை, திருப்தியா என்று கேட்டு. குரல் பதிவில் பதில் வந்தது.

"மூஞ்சிய எடுன்னேன். பசிய நீ எடுத்துக்கன்னு யாருடி சொன்னா? சோத்தையும் தின்னுட்டு, இப்ப இதையுமா?"

பதில் எழுதி எழுதி அழித்தேன். திமிர் பிடித்தவள். வாயில் நன்றாக வருகிறது. ஆனால் அவள் சொன்னதில் எதைப் பொய் என்பேன்?

24 ஜூன்

நகர நடுவில், டிஸ்ட்ரிக்ட் 1 கடையில் பொம்மை வெளியீடு. வரிசை தெருவரைக்கும் நின்றது. கடைசியில் லாத்தா, கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. மானத்தை வாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு சின்னப் பெண் மைக்கைப் பிடித்து என்னிடம் கேட்டது: "பல்பம் என்ன ருசி?"

கூட்டம் சிரித்துவிட்டு என் வாயைப் பார்த்தது. தெரிந்தால்தானே சொல்ல? சுண்ணாம்பு மாதிரி என்று எதையோ சொல்ல வாயெடுத்தேன்.

"மழையில நனைஞ்ச சுவர் மாதிரி." பின்னாலிருந்து லாத்தா. வியட்நாமிய மொழியில், சந்தையில் மீன்காரியோடு பேரம் பேசுகிற அதே குரலில். "முதல்ல குளுகுளுன்னு இருக்கும். அப்புறம் நாக்கு வறண்டு போகும். வயிறு மட்டும் நிறையாது."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பெண் அவளிடம் ஓடிப்போய்ப் பெட்டியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டது. லாத்தா போட்டாள். பெட்டியில் இருந்த என் மூஞ்சியின் மேலேயே போட்டாள். என்னைப் பார்க்காமல் போய்விட்டாள்.

25 ஜூன்

அது என் கதை இல்லை, அடுத்த தடவை பெட்டி அச்சடிக்கும்போது அந்த வரியை எடு என்று எட்மோனிடம் சொன்னேன். கத்தினான். வேலையைவிட்டுப் போ என்கிறவரைக்கும் கத்தினான். கத்தட்டும்.

சாயங்காலம் லாத்தாவுக்குப் போன் போட்டேன். எடுத்தாள். அவள் அடுக்களையில் குக்கர் கூவிக்கொண்டிருந்தது.

"சாப்ட்டியா லாத்தா?" என்றேன். எப்போதும் அவள்தான் கேட்பாள். நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

போனை வைத்துவிட்டாள்.