நான் கொட்டிய தேத்தண்ணி

என் பவுனு, என் கூடப்பிறந்த தங்கமே,

உன் மகள் விமலா இப்போது பினாங்கு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். நாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தோட்டத்து லயத்து வீட்டில் தவழ்ந்தவள். போன சனிக்கிழமை என் புந்தோங் வீட்டுக்கு வந்து என் விரலில் ஊசியால் குத்தினாள். ஆமாம், உன் இனிப்பு நீர் வியாதி எனக்கும் வந்துவிட்டது.

தீக்குச்சி அளவுக்கு ஒரு தகடு. அதன் நுனியில் ஏதோ மருந்து தடவியிருக்கிறாள். ஒரு சொட்டு ரத்தம் பட்டால் அதிலுள்ள சீனியால் துளி மின்சாரம் பிறக்கிறதாம். பெட்டியில் முள் நகர்ந்தது.

"பேட்டரி மாதிரியா?"

"அதே மாதிரிதான் பெரியம்மா. சீனி கூடுனா கரண்டும் கூடும்லா."

"அப்போ என்னை வச்சு ரேடியோ பாட விடு."

சிரித்தாள். உன் சிரிப்பு. பிறகு முகம் வாடியது.

"கூடுனா சரியாக் காட்டுது. கொறைஞ்சாத்தான் ஏமாத்துது. கொறையறதுதான் பெரிய ஆபத்து. வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும். அந்த நேரத்துல ரெண்டு கரண்டி சீனி குடுத்தாப் போதும், ஆளு பொழைச்சுக்கும்."

நான் விரலை இழுத்துக்கொண்டேன்.

அன்றைக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சீனியை இறக்கும் ஊசி போட்டதும் பசியாறாமல் பால்வெட்டுக்குப் போனாய். வேர்க்க வேர்க்கத் திரும்பி வந்து, நடுங்கும் கையால் தேத்தண்ணியில் சீனியைப் போட்டாய். "சாகணுமாடி ஒனக்கு?" என்று குவளையைப் பிடுங்கிக் கால்வாயில் கொட்டினேன். "ஒரே ஒரு வாய்க்கா" என்றாய். போய்ப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

மூத்திரத்தை நீல மருந்தோடு காய்ச்சி, செங்கல் நிறம் வந்தால் சீனி கூடியிருக்கிறது என்று டிரெசர் திட்டுவார். இறங்கினாலும் உயிர் போகும் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் சாவுக்கும் போகவில்லை. "ஒங்கம்மாவக் கொன்னது அந்த ஆளுதான்" என்று சொல்லிச் சொல்லியே விமலாவை வளர்த்தேன். குவளையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

உன் உடம்புக்குத் தெரிந்துதான் கேட்டதா, பவுனு? இப்போது தெரிந்து நான் என்ன செய்ய? யாருக்குக் கலக்கிக் கொடுக்க?

வருகிற சனிக்கிழமை மறுபடியும் ஊசியோடு வருகிறாள். விரலை நீட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகுதான், வேறு யாரும் இப்படிக் குவளையைப் பிடுங்காமலிருக்க, இந்தக் கடிதம் பத்திரிகைக்குப் போகும். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாலும் நான் கையை மடக்க மாட்டேன்.

உன் கையிலிருந்து குவளையைப் பிடுங்கிய
உன் அக்கா