முதல் வேண்டாம்

நவம்பர் 8, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். ஆற்றில் செந்தண்ணீர். குடைக் கம்பி மறுபடி போய்விட்டது.

மில்லில் அதே பேச்சு. பொங்கலோடு மூடிவிடுவார்களாம். கணக்குப் பிரிவில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மேனேஜர் காலில் மட்டும் புதுச் செருப்பு.

மத்தியானம் போன். ராஜமாணிக்கம். கல்லூரியில் ஒரே பெஞ்சு. பிறகு பம்பாய் போய்ப் பெரிய ஆள். இப்போது ஊரோடு வந்தாயிற்றாம், சிமெண்ட் ஏஜென்சி, பாளையங்கோட்டையில் குடோன். "சனிக்கிழம மத்தியானம் பட்லர் ஹோட்டலுக்கு வாலே. ஒரு விஷயம் பேசணும்."

என்ன விஷயம் என்று கேட்கவில்லை. குடோனுக்கு நம்பிக்கையான ஆள் தேடுகிறான் என்று டவுண் முழுக்கத் தெரியும். வீட்டுக்காரி காந்திமதியிடம் சொன்னதும் விளக்கு வைக்கிற நேரமில்லாத நேரத்தில் போய்ச் சாமிக்கு விளக்கேற்றினாள்.

அவள் கேட்டது: "அங்க சைவம் உண்டா?" சூப் மட்டும் குடிப்பேன் என்று சொல்லி வைத்தேன். நான் சைவப் பிள்ளை வீட்டுப் பையன். வீட்டுக்குள் சைவம். வெளியே என்ன என்பது ரா.வுக்குத் தெரியும். பழக்கிவிட்டதே அவன்தான்.

வாங்க: குடைக்குக் கம்பி, ஓமம், வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான்.

நவம்பர் 11, சனி

மழை இல்லை. புழுக்கம். இப்போதுதான் வீடு வந்தேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

பட்லர் ஹோட்டல். துரைமாருக்குச் சமைத்த பட்லர் தொடங்கியது, இப்போது அவர் பேரன். துரை போய் எத்தனையோ காலம், துரைத்தனம் மட்டும் போகவில்லை. சுவரில் ஒரு மான் தலை, ஒற்றைக் கண். மேஜை விரிப்பு கஞ்சி போட்டு நிற்கிறது, நடுவில் மஞ்சள் கறை. சர்வருக்குத் தலைப்பாகை. மணி அடித்துக் கூப்பிட வேண்டுமாம். ரா. அடித்தான், பூசாரி மாதிரி.

அவன் பெருத்துவிட்டான். கழுத்து இல்லை. இடுப்பில் பேஜர், அதை இரண்டு தடவை மேஜை மேல் எடுத்து வைத்தான்.

அவனுக்கு ஸ்டேக். பெயர்தான் ஸ்டேக், விஷயம் ஆட்டுத்தொடையை அடித்துத் தட்டையாக்கி வெண்ணெயில் போட்டது, மேலே ஒரு முட்டை. சமையல்கட்டிலிருந்து வந்த வாசனைக்கு எனக்கு வாயெல்லாம் நீர்.

"ஒனக்கு என்னலே சொல்லட்டும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்லே."

எந்த மனுஷனும் சொல்வதைத்தான் சொன்னேன். அதற்கு அவன் செய்தது? சர்வரிடம் திரும்பி, "அண்ணாச்சி, இவுஹ இப்ப சைவம் போல. ஒரு காய்கறி சூப் மட்டும் குடுங்க." முடிந்தது.

சூப். கேரட் கழுவிய தண்ணீர். காந்திமதியிடம் பொய் என்று நினைத்துச் சொன்னது உண்மையாகிவிட்டது. எதிரே அவன் கத்தியால் அறுக்கிறான், மெல்லுகிறான், மஞ்சள் கருவை ரொட்டியால் துடைக்கிறான். ஒரு துண்டு வெட்டி இந்தாலே என்று நீட்டவில்லை. ஹாஸ்டலில் என் தட்டில் கைவிட்டுத் தின்ற பயல்.

பிறகு விஷயம். வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"குடோனுக்கு ஒரு ஆளு வேணும்லே. நம்ம ஆளா. நீ வாறியா?"

மனசு குதித்தது. வாய் சொன்னது: "எனக்கெதுக்குலே இந்த வயசுல. வேற நல்ல ஆளாப் பாரு, வேண்டாம்."

அவன் தலையை ஆட்டினான். "சரிலே. ஒன்ன வற்புறுத்தக் கூடாது." உடனே சர்வரைக் கூப்பிட்டு கஸ்டர்ட் சொன்னான். அவனுக்கு மட்டும்.

காந்திமதி கேட்டாள், என்ன ஆச்சு. பேச்சு நடக்குது என்றேன்.

நவம்பர் 12, ஞாயிறு

வெயில். துணி காயப் போட்டாள்.

வற்புறுத்தக் கூடாதாம்! யார் கேட்டார்கள் உன் பம்பாய் மரியாதையை? வேலை தருகிறேன் என்றதும் ஈ என்று இளித்துக்கொண்டு சரி என்பவன் மனுஷனா? நம் ஊரில் முதல் வேண்டாம் மரியாதைக்குச் சொல்வது. அதைத் தாண்டி மறுபடி கேட்பவன்தான் வேண்டியவன். இது அவனுக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுத் தேங்காய்ப்பால் சொதிக்கு இவன் எத்தனை வேண்டாம் சொல்லியிருக்கிறான். "வேண்டாம் அத்தை, இப்பதான் சாப்பிட்டேன்." அம்மா ஒவ்வொரு தடவையும் "சும்மா உக்காருலே" என்று ஊற்றினாள். வழித்து வழித்துத் தின்றான். அப்போது இனித்தது.

வேண்டுமென்றே செய்திருக்கிறான். கேட்டேன் என்று பேர், கொடுக்காமல் இருக்க வழி.

பொத்தான் வாங்கியது தண்டம்.

நவம்பர் 15, புதன்

மறுபடி மழை. பஸ்ஸில் கூரை ஒழுகி என் தோளில் மட்டும்.

கேன்டீனில் ஸ்டோர்ஸ்காரர், எல்லோர் காதிலும் விழ: "ஒம்ம சேக்காளி குடோனுக்கு ஆளு தேடுதாராம்லா வே. நீரு ஒரு வார்த்த கேட்டா என்ன?" டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

காந்திமதியிடம் நடந்ததைச் சொல்லும்படி ஆயிற்று. சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "நீங்களே போய்க் கேளுங்களேன். நம்ம அண்ணாச்சிதான?"

நானா? அவன் வாசலிலா? பட்டினி கிடந்தாலும் இல்லை. சத்தம் போட்டுவிட்டேன். அவள் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். வயிறு எரிகிறது. ஓமம் வாங்க மறந்தாயிற்று.

நவம்பர் 19, ஞாயிறு

மேகமூட்டம். அவள் அம்மா வீட்டுத் தேங்காய் வந்திருந்தது, சொதி வைத்தாள், இஞ்சித் துவையல். தயிர் வாங்க நான் கடைக்கு.

திரும்பி வந்தால் தெரு முனையில் கார். கூடத்து நாற்காலியில் ரா. எவ்வளவு நேரமாக இருக்கிறான், தெரியாது. காந்திமதி என்னைக் கண்டதும் தயிரை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள்.

மழையைப் பற்றிப் பேசினான். ரோட்டைப் பற்றிப் பேசினான். நான் பேப்பரை விரித்துக்கொண்டேன். தேங்காய்ப்பால் வாசனை கூடம் முழுக்க. அவன் மூக்கு அடுக்களைப் பக்கமே திரும்பியது, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"சாப்பிடுதியாலே?" என்றேன்.

"வேண்டாம்லே."

"சரி."

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எட்டு நாளாகக் காத்திருந்தேன். பஞ்சாமிர்தமாக இருந்தது.

அவன் காத்திருந்தான். நான் பேப்பரில் ஒரு பக்கம் திருப்பினேன். ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் நிமிரவில்லை. முகம் சுருங்கிப் போயிற்று. எழுந்தான். "அப்ப நான் வாறேன்லே." வா என்றேன், உட்கார்ந்தபடியே.

கார் கிளம்பும் சத்தத்துக்குக் காந்திமதி வெளியே வந்தாள். கையில் கழுவிய இலை, தண்ணீர் சொட்டச் சொட்ட.

"எங்க அவ்வொளக் காணோம்?"

"வேண்டாம்னுட்டான்."

"நீங்க மறுபடி கேக்கலையா?"

பேப்பரை மடித்தேன்.

"நீங்க வாறதுக்கு முன்ன எங்கிட்டச் சொன்னாவ. 'மதினி, அன்னைக்கு அவன் சொன்னது மொத வேண்டாம்னு எனக்குப் பொறவுதான் ஒறச்சுது. பம்பாய்ல இருந்து புத்தி மழுங்கிப் போச்சு. இன்னைக்கு இலையில உக்காந்து மறுபடி கேக்கணும்'னு. அதுக்குத்தான் வந்தாவ."

வாசலுக்குப் போனேன். தெரு காலி. டயர் தடத்தில் தண்ணீர்.

உள்ளே வந்தால் அவள் அதே இடத்தில் நிற்கிறாள்.

"சாப்பிடுதியளா?"

வேண்டாம் என்றேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை.