கூடம் கோணல்தான்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இரண்டு வீட்டுக்கு மோட்டார் ஸ்டார்ட்டர் மாற்றிவிட்டு வந்தால், தங்கச்சி முகம் வாடிக் கிடக்கிறது. தனிப்பாட்டை வேறு ஒருத்திக்குக் கொடுக்கப்போவதாகப் பாட்டுக்குழு டீச்சர் சொல்லிவிட்டாராம். கீபோர்டு நின்று இவள் மட்டும் பாடும் இடத்தில் சுருதி ஏறிவிடுகிறதாம்.

இவளா? வீட்டில் ஒரு மயிரிழை பிசகமாட்டாளே.

மார்ச் 5, வியாழன்

ஒத்திகைக்கு நானும் போனேன். கூடத்துக்குள் நுழைந்ததுமே பிடிபட்டுவிட்டது. மேடைக்குப் பின்சுவருக்கு அந்தப்பக்கம் கட்டடத்தின் டிரான்ஸ்ஃபார்மர். 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல். பழகியவர்களுக்குக் கேட்காது. மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை போய்வருகிறது. அதற்கு இரும்பு நூறு தடவை அதிரும். அவர்கள் பாடும் சுருதி ஐந்து கட்டை. இரைச்சல் அதற்குச் சற்று மேலே, அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. கீபோர்டு நின்றதும் சுவர்தான் சுருதிப்பெட்டி. தங்கச்சி அதோடு போய்ச் சேர்ந்துகொள்கிறாள். நல்ல காது இருப்பதுதான் அவள் செய்த குற்றம்.

டீச்சரிடம் சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்," என்றார்.

என்ன பேச்சு இது? கரண்ட் வேலை பாக்கிறவளுக்குக் காது கிடையாதா? நல்லாக் கேட்டிருப்பேன். தங்கச்சி கையைப் பிடிச்சு இழுத்துட்டா.

மார்ச் 6

கூடம் கோணல்தான். காட்டுகிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

கூடத்துக்கு மேல்மாடியில் இருக்கும் பல் ஆஸ்பத்திரிக்கு இன்று விடுமுறை. கட்டட மேலாளரிடம் அனுமதி வாங்கி, டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் மின்சாரத்தையே பத்து நிமிஷம் நிறுத்தினேன். கீபோர்டு பேட்டரியில். தங்கச்சி பாடினாள். கீபோர்டு நின்றது, தனியாகப் பாடினாள், கீபோர்டு சேர்ந்தது — நூல் பிடித்தாற்போல்.

மின்சாரத்தை விட்டேன். மறுபடி பாடச் சொன்னேன். ஏறிவிட்டாள்.

டீச்சர் எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்தார். திரும்பி வந்து தங்கச்சியிடம், "உன்னைப் போய்த் திட்டினேனே," என்றார். நிகழ்ச்சியன்று இதை நிறுத்த முடியுமா என்று என்னிடம் கேட்டார். மேடை விளக்கு, மைக் எல்லாம் அதில்தானே ஓடுகிறது.

"சுவரை இறக்க முடியாது டீச்சர். நாம ஏறிக்கலாம்," என்றேன்.

கீபோர்டில் சுருதியை இம்மி இம்மியாக நகர்த்தும் வசதி உண்டு. ஏற்றிக்கொண்டே போனோம். இரண்டு ஒலியும் மோதி 'வவ்வவ்' என்றது, மெதுவாயிற்று, அடங்கியது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

மார்ச் 22, ஞாயிறு

நிகழ்ச்சி. தனிப்பாட்டு தங்கச்சிக்கே. கீபோர்டு நின்ற இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அது திரும்பச் சேர்ந்த இடம் எனக்கே தெரியவில்லை.

மார்ச் 26, வியாழன்

டீச்சர் போன் செய்தார். அடுத்த நிகழ்ச்சிக்கு வேறொரு அரங்கம் பார்க்கிறார்களாம். முன்பணம் கொடுப்பதற்குள் நான் ஒருதரம் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டுமாம். எனக்குப் பாட வராது என்றேன். பாட ஆள் இருக்கிறது என்றார்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு. ஏணி வேண்டாமாம், காது போதுமாம்.